பல்லி கொடுத்த சொல்

பறவையும் விலங்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், பேச்சில் ஒரே ஒரு சொல் குறைவாக இருந்தது. குறைவாக இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

வேம்பைக் கசப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேம்பு கசப்புதான். அடுத்த மூச்சில் அதை மருந்து என்றவரைப் பொய்யர் என்றார்கள். மருமகள் முன்கோபி என்று மாமியார் வாயைவிட்டுவிட்டால் போதும், அவள் வைக்கிற குழம்பின் ருசியைச் சொல்ல அதற்குமேல் வழியில்லை. எருமையைச் சோம்பேறி என்று சொன்ன கையோடு அதன் பாலைப் புகழ்ந்த ஒருவனிடம், எருமையே திரும்பிப் பார்த்து, இதில் எது நிஜம் என்று கேட்டதாம். அவன் திருதிருவென்று முழித்தானாம். ஒன்றைச் சொன்னால் மற்றது செத்துப்போகும். அன்றைய பேச்சு அப்படி.

அந்த நாளில் ஒரு கண்மாய்க்கரை ஊரில் குருவக்காள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் ஆட்டுக்கிடையோடு தெற்கே போயிருந்தான். வீட்டில் அவளும் நாலு வயது மகள் செவத்தியும்தான். அவர்களோடு கூரை விட்டத்தில் ஒரு பல்லியும் குடியிருந்தது. செவத்தி தவழ்ந்த நாளிலிருந்து அந்தப் பல்லியைத் துரத்தித் துரத்தித்தான் நடக்கவே பழகினாள். அது எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டு அவளிடம் வாயாடும்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நெல் பால் பிடித்து நின்ற நேரம். மூன்று நாள் விடாமல் கொட்டியதில் நாலாம் நாள் மத்தியானம் கண்மாய் தளும்பியது. ஊரே மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. மடைக்காவலன் வைரவன் ஒருவன்தான் மடையில் நின்றான். தண்ணீர் மிஞ்சும்போது மடைப்பலகையை மேலே இழுத்துவிட வேண்டியது அவன் வேலை. பலகை ஏறினால் வெள்ளம் ஓடைக்குப் போய்விடும். ஏறாவிட்டால் கரை தாங்காது.

தன் ஆடுகளைக் கரைவழியாக ஓட்டிவந்த குருவக்காள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் வந்த செவத்தியைக் காணவில்லை. வாய்க்கால் சுழலில் ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. குருவக்காள் போட்ட கூச்சல் வைரவனுக்குக் கேட்டது. பலகையைப் பாதி இழுத்திருந்தவன் அப்படியே விட்டுவிட்டு ஓடினான். வாய்க்காலோடு வாய்க்காலாக ஓடி, கருவேலம் புதரருகே குதித்து, பிள்ளையை முடியைப் பிடித்துத் தூக்கினான். தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தண்ணீரை வெளியேற்றினான். குருவக்காளின் வீட்டு வாசல்வரை தூக்கிவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினான்.

அவன் மடைக்குப் போய்ச் சேருமுன் கரை உடைந்தது. நாற்பது குடும்பத்து வயலும் மணல்மேடாகிவிட்டது.

மறுநாள் குருவக்காள் அவன் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். அவன்தான் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"புள்ளைக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே?"

இல்லை என்றாள். 

எட்டாம் நாள் சாவடியில் ஊர்க்கூட்டம் என்று தலைவர் பெருமாண்டி ஆள் அனுப்பினார். ஊரின் சோற்றைக் கெடுத்தவனுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது, பெண்டாட்டி பிள்ளையோடு எல்லையைத் தாண்ட வேண்டும் என்பது வழக்கம். அன்று கரையில் இருந்தவள் குருவக்காள் மட்டும் என்பதால் அவள்தான் சாட்சி. சாட்சிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் சொன்னதற்கு மாறாகப் பின்னால் ஒன்றைச் சொன்னால் இரண்டும் தள்ளுபடி. அதற்குப்பின் அவர் சொல் ஊரில் எடுபடாது.

எட்டாம் நாள் காலையில் கூழைக் கரைத்து வைத்துவிட்டுக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள் குருவக்காள். பல்லி மெல்லச் சுவரில் இறங்கிவந்தது. வெள்ளத்தில் நிலைப்படி சரிந்தபோது அதன் வால் நசுங்கி அறுந்துபோயிருந்தது. அதைப் பார்த்து, உனக்கு வலிக்கவில்லையா என்று விசாரித்தாள்.

"வால் போயிடுச்சு, தாயி. ஆனாலும் நான் இருக்கேன்," என்றது பல்லி.

குருவக்காள் நிமிர்ந்தாள். "நடுவுல ஏதோ சொன்னியே, அது என்ன?"

அது தங்கள் இனத்துச் சொல் என்றது பல்லி. கூரையில் தலைகீழாகத் தொங்கியும் விழாமல் இருப்பவர்களுக்கு, வாலை விட்டுவிட்டு உயிரோடு ஓடுபவர்களுக்கு, அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்றது. அந்தச் சொல்லின் இந்தப் பக்கம் ஒரு உண்மையை வைக்கலாம், அந்தப் பக்கம் வேறொரு உண்மையை வைக்கலாம், இரண்டும் சாகாது என்றது.

குருவக்காள் கூழைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். அதை எனக்குத் தருவாயா என்று கேட்டே விட்டாள்.

பல்லி சுவரில் ஒரு சாண் பின்வாங்கியது. பிறகு, ஒரு இனத்தின் சொல்லை இன்னொரு இனத்துக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வராது என்றது. "எங்க பேச்சு மொத்தமும் அந்த ஒரு சொல்லுலதான் தொங்குது. அது போனா எல்லாம் போயிடும்."

"அப்படின்னா வேண்டாம். உன் வாயைப் பிடுங்கி என் வாய்ல வச்சுக்க நான் யாரு?" என்று சொல்லிவிட்டு, செவத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாவடிக்குக் கிளம்பினாள். அவள் தலைச்சும்மாட்டின் மடிப்பில் பல்லி ஒட்டிக்கொண்டு வந்ததை அவள் கவனிக்கவில்லை.

சாவடியில் ஊர் கூடியிருந்தது. தூணோரம் வைரவன் நின்றான். அவனிடம் முதலில் கேட்டார்கள். மடையை விட்டு ஓடினது நான்தான் என்றான். அது உண்மை. அதோடு அவன் வாய் அடைத்துப்போயிற்று.

பெருமாண்டி குருவக்காள் பக்கம் திரும்பினார். மடையை விட்டு இவன் ஓடியதை நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றால் பொய். பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் செவத்தியைத் தூக்கிவந்த கை அந்தச் சொல்லோடு செத்துப்போகும். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தேன்யா," என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "மடையை விட்டு அண்ணன் ஓடினதை என் கண்ணால பார்த்தேன்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. வைரவனின் மனைவி, ஊரைவிட்டுப் போகக் கட்டிவைத்திருந்த மூட்டையைத் தரையிலிருந்து தூக்கினாள். பெருமாண்டி தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

அப்போது சாவடி உத்தரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆனாலும்..."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாலில்லாத ஒரு பல்லி அங்கே தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. அதன் கண்கள் குருவக்காள் மேல் இருந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. தடுக்க நேரமில்லை, சொல் வந்து விழுந்துவிட்டது. விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று அவள் அதை அப்படியே வாயில் ஏந்திக்கொண்டாள்.

"ஆனாலும், அய்யா, அவர் ஓடினது என் புள்ளைய எடுக்க. வாய்க்கால்ல போன உயிரை எடுத்து என் கையில கொடுத்துட்டுத்தான் போனார். கரை போனதும் நிசம். இவ இங்க இருக்கறதும் நிசம்."

 முதலில் சொன்னது சாகாமல் நின்றது. பின்னால் சொன்னதும் அதன் பக்கத்திலேயே நின்றது. அப்படி ஒன்றை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாக வயலை இழந்தவர் வெள்ளையப்பன். எட்டு நாளாக வைரவனை ஏசிக்கொண்டிருந்தவர் அவர்தான். மெதுவாக எழுந்து, குழந்தை நடை பழகுவதுபோல அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். "என் நெல்லு மண்ணாப் போச்சு. ஆனாலும்... நெல்லை அடுத்த போகம் விதைச்சுக்கலாம்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெருமாண்டி வைரவன் பக்கம் திரும்பினார். கடைசியில் அவரும் அதே சொல்லை எடுத்தார். "கரை உன் காவல்ல உடைஞ்சுது, வைரவா. நீதான் கட்டணும். ஆனாலும் ஒத்தையாக் கட்ட வேண்டாம். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும்."

வைரவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் மனைவி மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்த மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். செவத்தி அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் கரைக்குக் கிளம்பிய பின் குருவக்காள் மட்டும் சாவடியில் நின்றாள். மேலே பார்த்துப் பல்லியைக் கூப்பிட்டாள். அது தூண்வழியே பாதி இறங்கிவந்து வாயைத் திறந்தது. "த்ச், த்ச், த்ச்" என்ற சத்தம் மட்டும் வந்தது. திரும்பவும் முயன்றது. அதேதான் வந்தது. அவளை ஒரு முறை பார்த்துவிட்டு அசையாமல் இருந்தது.

குருவக்காள் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பல்லியிடம் பேச இனி மனிதப் பேச்சு உதவாது என்று அவளுக்குத் தெரிந்தது. நீ கொடுத்தது வந்து சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? விரலை மடக்கி, அதன் சத்தத்தைப் போலவே தரையில் மூன்று முறை தட்டினாள். பல்லி ஒரு முறை தலையை ஆட்டியது. வீட்டுக்குத் திரும்பும்போது அதைச் சும்மாட்டில் வைத்து, மாலைக் காற்று படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள்.

அன்று தொடங்கியதுதான் இது: யாரைப் பற்றியாவது முடிவாக ஒன்றைச் சொல்லி வாயை மூடும் நேரத்தில் சுவரில் பல்லி சத்தம் கேட்டால், நாம் பேச்சை நிறுத்திவிட்டு, நன்றியோடு தரையில் மூன்று முறை விரலால் தட்டி, அதன் பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லத் தொடங்குகிறோம்.