சிதை ஆறுவதற்குள்

முன்னொரு காலத்தில் குறும்பைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் கடைசியாகப் பேசியவர் சொன்னதே அவனுக்கு வேதம்.

ஒருநாள் அவையில், ராசாவின் காதைக் கடிக்கும் பிரபு கொண்டல்ராயர் ஒரு கதை சொன்னார். புருஷனின் சிதை ஆறுவதற்குள் சுடுகாட்டுக் காவல்காரனோடு கைகோத்துப் போன ஒருத்தியின் கதை. கேட்ட ராசாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எண்ணெய் விற்கும் பூவாயி வந்து நின்றாள்.

"மகாராசா, எம் புருசன் செத்து மூணு வருசமாச்சு. எங்க குலத்துல அறுத்துக் கட்டுறது, தாலி அறுத்தவ மறுபடி கட்டிக்கிறது, வழக்கம். செக்கு ஓட்டுற மாடசாமி என்னைக் கட்டிக்கிறேங்கிறாரு. ராசா சம்மதமா உங்க கையால வெத்திலை வாங்கித்தான் மறுதாலி ஏறணும்."

"பார்த்தீர்களா அரசே, என் கதையே நடந்து வந்திருக்கிறது" என்றார் ராயர். "நாட்டைவிட்டே துரத்துங்கள்."

ராசா தலையாட்டிவிட்டான். விடிந்ததும் அவள் எல்லை தாண்ட வேண்டும் என்று உத்தரவானது. பூவாயி அழவில்லை, அமைச்சர் சிற்றம்பலத்தை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ராசாவைத் தனியே மடக்கினார். "செத்தவரை யார் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துவிடலாம் அரசே. கொஞ்ச நேரம் பிணமாகப் படுங்கள்."

"ராணியைச் சோதிக்கத்தானே?"

"எல்லோரையும்தான்."

ராசா பிணமாகப் படுத்தான்; அவன் இறந்துவிட்டான் என்று ஊருக்குத் தெரிய அரண்மனை முரசு நின்றது. ராணி ஓடிவந்து அவன் காலடியில் சுருண்டு விழுந்தாள். "இன்னும் சாப்பிடக்கூட இல்லையே நீங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். ராசாவுக்கு மூடிய கண்ணுக்குள் நீர் முட்டியது.

ராயரும் வந்தார். பிணத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே போய் ராசாவின் தம்பி கழுத்தில் மாலையைப் போட்டார். "இந்தத் தலைக்குத்தான் கிரீடம் பொருந்தும் என்று அப்போதே நினைத்தேன். அமைச்சர் பதவியை மட்டும் இந்த அடிமைக்கு..."

"ராயரே," என்றது பிணம், "எனக்கு இன்னும் சிதையே அடுக்கவில்லையே."

ராயர் தம்பியின் கழுத்து மாலையைக் கழற்றப் பாய்ந்தார்.

"சிதை எரியும்வரையாவது காத்திருந்தாளே உங்கள் கதைக்காரி" என்றார் சிற்றம்பலம்.

ராணி அதன்பின் ஒரு வாரம் ராசாவோடு பேசவில்லை என்பது வேறு விஷயம். அன்றே பூவாயியை அழைத்தார்கள். ராயர் வெற்றிலைத் தட்டை ஏந்தி நிற்க, ராசா தன் கையால் எடுத்துக் கொடுத்தான். கொடுத்தும் அவனுக்கு மனம் ஆறவில்லை.

"மறுதாலி ஏறினதும் பழையவனை மறந்துவிடுவாயா?"

"அதெப்படி மறக்கும் மகாராசா? முதப் புள்ளைக்கு அவரு பேருதான்னு மாடசாமியே சொல்லிட்டாரு."

ராசா தட்டோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தான்.

"ராயரே, இனி இந்த அவையில் விதவையின் கதை சொல்வதென்றால், இவள் கதையைச் சொல்லும்."