எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகணும்?

குருன்னதும் தாடி, மரத்தடி, கண்ண மூடின முகம்னு நெனச்சிருப்பீங்க. சில பேர், கதிர்வீச்சத் தடுக்கும்னு போன் பின்னால ஒட்டுற ஸ்டிக்கர் ஒண்ணச் சிபாரிசு பண்ணுவாருன்னு காத்திருப்பீங்க. ரெண்டும் கெடையாது, போங்க. நம்ம குரு பேரு ஜெசிந்தா. வயசு முப்பத்தஞ்சு, தலையில ஹெல்மெட், கையில மீட்டர். செல்போன் டவர் கதிர்வீச்ச வீடு வீடா அளக்குறது வேலை. சிஷ்யன் அருள்வேல் நாப்பது தாண்டினவன். அவங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்.

அவன் வீட்டுக்கு எதிர் மாடியில புதுசா டவர் வந்துடுச்சு. பொண்டாட்டி தமயந்திக்கு ஏழு மாசம். பன்னெண்டு வருஷம் காத்திருந்து வந்த புள்ள. பயணமே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியும், தூத்துக்குடிக்கு, மாமியார் வீட்டுக்குக் கெளம்ப வாசல்ல வேன் நிக்குது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவள எத்தனை கிலோமீட்டர் தள்ளிக் கூட்டிட்டுப் போகணும்?"

குரு அவன் வீட்டு ஜன்னலத் தொறந்து மீட்டர நீட்டினாங்க.

"அரசாங்கம் அனுமதிச்ச எல்லைய இது நூறுன்னு காட்டும். பாருங்க."

மூணு.

"அவ்வளவு பெரிய டவருக்கு மூணா?"

"இந்த நிமிஷம் ஆம்புலன்ஸக் கூப்பிடுறவங்க, துபாய்லருந்து புள்ளைக்கு முத்தம் குடுக்கறவங்க, பொண்ணப் புடிக்கலன்னு சொல்லத் தெரியாம முழுங்கறவங்க, எல்லாரும் இந்த ஜன்னல் வழியாத்தான் போறாங்க அருள். உங்க வழியா. தமயந்தி வழியா. அவங்க வயித்துக்குள்ள தூங்குறவங்க வழியா. அத்தனையும் சேர்ந்து மூணு."

அருளுக்கு மேல் சிலிர்த்துச்சு. ஒரு ஊரே வீட்டுக்குள்ள நடந்து போகுது, ஒரு கொலுசுச் சத்தம்கூட இல்ல.

தமயந்தி கேட்டா. "அப்ப வேன அனுப்பிடலாம்ல?"

"இரு, உங்கம்மா நம்பணும்." எடது கையில வீடியோ கால் போட்டான். மீட்டர வலது கையில வாங்கி, போன அது மூஞ்சிக்கு நேரா புடிச்சான். "பாருங்கத்த!"

எழுபது.

"ஐயோ! பெட்டியத் தூக்கு தமயந்தி!" அருள் அலறினான்.

"நானா?"

"நீ தொடாத!"

குரு அசரல. "அருள், எடது கைய நீட்டுங்க."

நாப்பது.

"இன்னும்."

பன்னெண்டு.

"தோள் வலிக்கட்டும்."

ஆறு.

அருள் வாயப் பொளந்து நின்னான். டவர் அங்கேயேதான் இருக்கு. அவனும் ஒரு அடி நகரல.

"மேடம்... டவர எப்படி எறக்கினீங்க?"

"எத்தனை கிலோமீட்டர்னு கேட்டீங்கல்ல? உங்க கைய அளந்துக்குங்க."

அருளுக்கு வெளங்கல. நீட்டின கையில இருந்த போன்லருந்து மாமியார் குரல் வந்துச்சு.

"மாப்ள, என்னைக் கிட்ட வச்சா ஏறுது, தள்ளி வச்சா எறங்குது. தெனமும் ரெண்டு மணி நேரம் அவ காதுல ஒட்டிக்கிட்டுக் கெடந்தது டவர் இல்ல மாப்ள... நான்தான்!"