சாயலே இல்லாத நீர்யானை

டிவி கார்ட்டூனில் வரும் மந்திரி நீர்யானை, கட்டாத பாலத்துக்கு ஏழு தடவை ரிப்பன் வெட்டியது. ஊரே சிரித்தது. நிஜ அமைச்சர் தணிகாசலம் மட்டும் ஸ்டூடியோவுக்கே வந்து, அதை வரையும் இசக்கியம்மாளிடம் கத்தினார்.

"ஏம்மா, அது நான்தானே? அடுத்த வாரம் என் சாயல் துளி இருந்தாலும் உன் வேலை காலி!"

"துளிகூட இருக்காதுங்கய்யா."

அவள் நீர்யானையின் மீசையையும் தொடவில்லை, தொப்பையையும் தொடவில்லை. அடுத்த வாரம் நீர்யானை ஜனங்கள் போன் செய்தால் எடுத்தது, சொன்ன நேரத்துக்கு வந்தது, பாலத்தையும் கட்டி முடித்தது.

அமைச்சர் போனில் பொரிந்தார். "அதே மீசை, அதே தொப்பை! இப்பவும் நான்தானே?"

"ஒருத்தருக்கும் அப்படித் தோணலைங்கய்யா. 'யாரு இந்தப் புது மந்திரி, எந்தத் தொகுதி'ன்னு உங்க கட்சிக்காரங்களே கேக்கறாங்க. அடுத்த எலெக்‌ஷன்ல அவருக்குத்தான் ஓட்டாம்."

அமைச்சர் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"பழைய நீர்யானையையே போட்டுடும்மா."