இன்ஸ்பெக்டரும் உலக்கை அரக்கனும்

நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் வீடியோ கேம் கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்திய ஜெஸ்லினுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. அங்கே விளையாட வருகிறவர்கள் அவளை ஆசான் என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் சிலம்பம் கற்றுத்தருபவரையும் வர்மம் பார்ப்பவரையும் அழைக்கும் பெயர் அது. முதலில் யாரோ கேலியாகத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். நாளாக நாளாகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு நாள் காலையில் தாணுமாலயன் அந்த மாடிப்படி ஏறி வந்தார். காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாலும் மீசை பழைய மிடுக்கோடுதான் இருந்தது. கூடவே அவருடைய இளைய மகள் பகவதி.

"அப்பாவுக்குப் போன வருஷம் லேசா பக்கவாதம் வந்துச்சு அக்கா," என்றாள் பகவதி. "வலது கை விரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேக்கல. விரலுக்கு வேலை குடுக்கணும்னு டாக்டர் சொல்றார். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு மாடியில எறிஞ்சுட்டார்."

"அது விளையாட்டா? எதிர்ல ஆளே இல்ல," என்றார் தாணுமாலயன்.

பகவதி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் வெளியே எங்கும் சாப்பிடுவதில்லை. வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். பிசைந்த சோறு வாய்க்குப் போகும் வழியில் பாதி மடியில் விழுவதை மனைவி சுசீலா தவிர யாரும் பார்த்ததில்லை. தை மாதம் பகவதிக்கு நிச்சயதார்த்தம். முதல் பந்தியில் சம்பந்தியின் பக்கத்து இலை அவருடையது. "நான் அன்னைக்கு விரதம்னு சொல்லிடு," என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். சுசீலா அதைக் கேட்டு அடுக்களைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஆசான் அவரை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்து கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள்.

திரையில் ஒரு மரப்பாலம். இந்தப் பக்கம் வாளோடு ஒரு சிறு வீரன். நடுவில் உலக்கையைத் தோளில் சாய்த்தபடி ஓர் அரக்கன். அவனைத் தாண்டினால் கோட்டைக் கதவு.

வீரன் போனான். உலக்கை இறங்கியது. வீரன் பாலத்தின் தொடக்கத்தில் மறுபடி எழுந்து நின்றான்.

மறுபடி போனான். மறுபடி உலக்கை.

மூன்றாம் தடவை தாணுமாலயன் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். "ஏம்மா, இது ரிப்பேர்."

ஆசான் அதை எடுத்தாள். நின்றபடியே பாலத்தைத் தாண்டிக் கோட்டைக் கதவைத் தொட்டுவிட்டு, ஆட்டத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பக்கத்து மேசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"நான் இதுவரைக்கும் எவன்கிட்டயும் தோத்தது கிடையாது, கேட்டியா," என்றார் அவர்.

"அப்போ தோத்துப் பழக்கமில்ல," என்றாள் ஆசான். "மெதுவாப் பழகலாம் சார்."

மறுநாளும் வந்தார். வந்ததும் கேட்டார்: "இவனை எப்படி ஜெயிக்கது?"

"இன்னைக்கு ஜெயிக்க வேண்டாம் சார். ஒவ்வொரு தடவையும் எதனால செத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"இதுல சொல்ல என்ன இருக்கு? அவன் அடிச்சான், நான் செத்தேன்."

"உங்க ஸ்டேஷன்ல இப்படி எழுதிக் கொடுத்தா வாங்கிக்குவீங்களா?"

தாணுமாலயன் மீசையைத் தடவினார். இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து அவர் தன் சாவைத் தானே விசாரிக்கத் தொடங்கினார். சத்தமாகவே விசாரித்தார். "சம்பவ இடம், பாலத்தின் நடுப்பகுதி. எதிரி உலக்கையை வலப்பக்கம் ஓங்கியிருக்கான். இறந்தவர் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கல. என்ன காரணம்?" பதிலையும் அவரே சொல்வார். "பயம்." அடுத்த முறை, "காரணம், அவசரம்." இன்னொரு முறை அரக்கன் தள்ளாடி நின்றபோது இரண்டு வெட்டு வெட்டிவிட்டு விலக வேண்டியவர், விலகாமல் நின்று செத்தார். திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்ன காரணம் சார்?" என்றாள் ஆசான்.

"பேராசை. இன்னும் ஒரு வெட்டு வெட்டிடலாம்னு நினைச்சான் பாவி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்த முறை பக்கத்து மேசைக்காரர்கள் ஒளிக்காமல் சேர்ந்து சிரித்தார்கள். அவர் முறைக்கவில்லை.

சில வாரம் இப்படிப் போனது. நிச்சயதார்த்தம் நெருங்கியது. அரக்கன் அசையவில்லை.

ஒரு நாள் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுல ஈஸி லெவல்னு ஒன்னு இருக்காமே. பகவதி சொன்னா. அதுல போட்டுத் தாயேன்."

ஆசான் உடனே மாற்றிக் கொடுத்தாள்.

வீரன் பாலத்தில் ஏறினான். அரக்கன் உலக்கையைத் தூக்குவதற்குள் நாலு வெட்டு. சரிந்து விழுந்தான். கோட்டைக் கதவு திறந்தது. எங்கோ முரசு கொட்டியது.

தாணுமாலயன் கதவுக்கு உள்ளே போகவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, விழுந்து கிடந்தவனையே பார்த்தார். விருந்தாளி வந்து காப்பி குடிக்காமல் போய்விட்டதுபோல இருந்தது அவருக்கு.

"இவன் அவன் இல்ல," என்றார். "பழையபடி வை."

ஆசான் பழையபடி வைத்தாள்.

அதற்கடுத்த நாள் அவர் விளையாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் வீட்டில் தோசையைப் பிய்க்கப் போய்த் தட்டையே கீழே தள்ளியிருந்தார். சத்தம் கேட்டுப் பகவதி கதவைத் திறந்து ஓடிவந்து துடைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஆசானே," என்றார். அவளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என் கை என்னைக்குப் பழையபடி ஆகும்?"

"எனக்குத் தெரியாது சார். அதை டாக்டர்தான் சொல்லணும்."

"டாக்டரும் தெரியாதுன்னுதான் சொல்றார்."

ஆசான் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கை இப்போ என்ன செய்யுது?"

"சொன்னா கேக்குது. ஆனா லேட்டா கேக்குது. ஒதுங்குன்னு நினைக்கேன். விரல் போய் பட்டனை அமுக்கதுக்குள்ள உலக்கை தலையில விழுந்துருது."

"எவ்வளவு லேட்டு?"

"ஒரு மூச்சுல பாதி."

"எப்பவும் அவ்வளவுதானா?"

தாணுமாலயன் யோசித்தார். இதை அவர் விசாரித்ததில்லை. கட்டை விரலை அசைத்துப் பார்த்தார். திரும்பவும் அசைத்துப் பார்த்தார். "எப்பவும் அவ்வளவுதான்," என்றார் மெதுவாக. பிறகு தானாகவே பேச்சு வந்தது. "தக்கலையில இருக்கும்போது எனக்கு ஒரு ஏட்டு இருந்தார். பொன்னையா நாடார்னு பேரு. கூப்பிட்டா வர மாட்டார். வெத்தலையைத் துப்பி, தொப்பியைத் தேடி, பெல்ட்டைச் சரி பண்ணித்தான் வருவார். ஆனா வந்துருவார். வராம இருந்ததில்ல."

"அவரை என்ன செஞ்சீங்க? மாத்திட்டீங்களா?"

"என்னத்துக்கு மாத்தணும்? நல்ல மனுஷன். நான்தான் கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டுப் பழகிட்டேன்."

ஆசான் எழுந்து முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வேறொரு மேசைக்குப் போய்விட்டாள்.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

உலக்கை மேலே போனதும் ஒதுங்குவதுதான் அவர் இதுவரை செய்தது. இப்போது அரக்கனின் தோள் அசையும்போதே, உலக்கை கிளம்புமுன்பே, விரலைக் கூப்பிட்டார். விரல் தன் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. உலக்கை வெறும் பலகையில் விழுந்தது. வீரன் ஒரு வெட்டு வெட்டி விலகினான்.

"வந்தீரா ஏட்டையா," என்றார் தாணுமாலயன் தன் கட்டை விரலிடம்.

அன்றைக்கு ஜெயிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியான வேளையில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, உலக்கை அரக்கன் பாலத்தில் மண்டியிட்டான். இன்னும் ஒரு வெட்டு வெட்டலாம் என்று தோன்றியது. அவர் வெட்டாமல் விலகி நின்றார். அரக்கன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, காற்றை அடித்து, அதற்குப் பிறகு விழுந்தான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள் என்பது கை தட்டியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒருவர் கீழே போய் பேக்கரியில் பப்ஸ் வாங்கிவந்தார். தாணுமாலயன் எல்லோர் முன்னாலும் ஒன்றைத் தின்றார். சட்டையெல்லாம் தூள். தட்டிவிட மறந்துபோனார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் சுசீலாவிடம் சொன்னார்: "அந்த விரதம் வேண்டாம்."

நிச்சயதார்த்தத்தன்று முதல் பந்தியில் அவருக்கும் இலை விழுந்தது. பக்கத்தில் சம்பந்தி ஆறுமுகம் பிள்ளை. எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். தாணுமாலயன் சின்னச் சின்னக் கவளமாக எடுத்தார். கை இலையிலிருந்து கிளம்புமுன்பே விரல்களைக் கூப்பிட்டார். பருப்பு போனது. சாம்பாரும் போனது. ஓரிரண்டு பருக்கை சிந்தியதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அடைப்பிரதமன் வந்தது, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசம்.

அந்தப் பக்கத்து விருந்தில் பிரதமனை டம்ளரில் தருவதில்லை. இலையில் ஊற்றுவார்கள். அது நாலு திசைக்கும் ஓடும். பப்படத்தையும் பழத்தையும் நொறுக்கிப்போட்டு, விரலை வளைத்து, ஓடுவதற்குள் வழித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல கை உள்ளவர்களே தடுமாறுகிற இடம்.

தாணுமாலயன் வழித்தார். தூக்கினார். பாதி வழியில் விரல்கள் விரிந்தன. பிரதமன் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் ஓடி, புது ஜிப்பாவின் மேல் பழுப்பாகக் கொட்டியது. பேச்சு நின்றது. பந்தியை எட்டிப்பார்க்க வந்த பகவதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். வாசலில் இருந்த சுசீலா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

அவர் முகம் சிவந்தது. எழுந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எழவில்லை. இலையில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார். மறுபடி வழித்தார். இந்தத் தடவை தலையைக் குனிந்து, வாயைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்தது. இன்னொரு வாய். அதுவும் சேர்ந்தது. இலை காலியானதும் நிமிர்ந்து, பரிமாறுகிறவரைப் பார்த்தார்.

"இங்க இன்னும் கொஞ்சம் ஊத்தும்," என்றார்.

ஆறுமுகம் பிள்ளை தன் இலையைப் பார்த்தார். பிறகு அவரும் சொன்னார்: "எனக்கும்." பந்தியில் பேச்சு மறுபடி கிளம்பியது. பகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தாணுமாலயன் மாடிப்படி ஏறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ஆசானுக்கு முன்னால் நின்று, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எவ்வளவு கொட்டியது, யார் யார் பார்த்தார்கள், எல்லாம்.

"சுசீலா நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்றா," என்று முடித்தார். "எனக்கு அப்படித் தெரியல. கொட்டினது கொட்டினதுதானே. ஜிப்பாவுல கறை அப்படியே இருக்கு. ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தாச்சு, முடிவு கிடைக்கல. நீ சொல்லு ஆசானே. நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

ஆசான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும் சார்," என்றாள். "பிரதமன் எப்படி இருந்துச்சு?"