ராஜா துரத்திய ஒற்றை எழுத்து

ஆவாரங்காட்டுப் பாளையத்தை ஆண்ட சொக்கலிங்க பூபதிக்குத் திடீரென்று இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. சொல்லிக்கொடுக்க மாட்டிக்கொண்டவர் அரண்மனை துபாஷி அழகர்சாமி. வெள்ளைக்காரர்களோடு பேச்சு, கடிதம் எல்லாம் அவர் மூலமாகத்தான்.

"பூனைக்கு 'கேட்' என்றாய். அதற்கு முன்னால் எதற்கய்யா 'ஏ'?"

"ஏதோ ஒரு பூனை என்று காட்ட, மகாராஜா."

"பாலுக்கு?"

"வராது. பாலை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாதே."

"யானைக்கு?"

"யானைக்கு 'ஆன்'."

ராஜா எழுந்தே விட்டார். "பூனைக்கு ஒன்று, யானைக்கு வேறொன்று, பாலுக்குப் பட்டினியா? இன்றுமுதல் என் ராஜ்யத்தில் 'ஏ' கிடையாது!"

அன்றே கும்பெனி அதிகாரி பெல்டன் துரைக்கு விருந்துக்கு அழைப்புக் கடிதம் போகவேண்டியிருந்தது. 'யூ ஹேவ் ஏ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் ஹியர்' என்று எழுதினார் துபாஷி. இங்கே உங்களுக்குச் சில நண்பர்கள் உண்டு என்று அர்த்தம். ராஜா மயிலிறகுப் பேனாவை வாங்கி 'ஏ'யை அடித்தார்.

"ஐயோ, அது போனால் அர்த்தமே..."

"அனுப்பு!"

மூன்றாம் நாள் துரை வந்தார். கூடவே அறுபது சிப்பாய்கள், ஒரு பீரங்கி.

"'ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் எனக்கு இங்கே நண்பர்களே இல்லை என்றல்லவா அர்த்தம்! மிரட்டுகிறீரா?" தமிழிலேயே கத்தினார்.

ராஜா சிம்மாசனத்தில் பாதியாகச் சுருங்கினார். "அழகர்சாமி, ஏதாவது சொல்லித் தொலையேன்!"

துபாஷி ஓரடி முன்னால் வந்தார். ராஜாவைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. பீரங்கியோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லக் கும்பிட்டார்.

"துரை அவர்களே, அதில் ஒரு 'ஏ' இருந்திருந்தால் கோபம் வந்திருக்காதே?"

"வந்திருக்காது. சில பேர் இருக்கிறார்கள் என்று ஆகியிருக்கும். ஏன் போடவில்லை?"

"எப்படிப் போடுவோம்? எங்கள் ஊரில் மாட்டை விரட்ட 'ஏ!' என்போம். வம்புக்காரனைக் கூப்பிட 'ஏ!' என்போம். இவ்வளவு பெரிய மனிதரைப் பார்த்து எங்கள் மகாராஜா 'ஏ' போடுவாரா?"

துரை விழித்தார். மீசை துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பீரங்கி வெடித்தது; மரியாதைக்கு, வானத்தைப் பார்த்து.

துரை விருந்துண்டு போனதும், ராஜா தன் முத்துமாலையைக் கழற்றித் துபாஷிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"இந்த இங்கிலீஷ் பாடத்திலிருந்து எனக்கு விடுதலை, மகாராஜா."

"அது மட்டும் முடியாது," என்றார் ராஜா. "சொல்லு, அந்த 'தி' எதற்கு?"