சுவருக்கு அந்தப் பக்கம்

மில் லைன் வீட்டில் குடியிருக்கும் செண்பகம் வியாழக்கிழமைதோறும் குருவிடம் வருவாள். அன்று ஆறு முட்டை அட்டைகளோடு வந்தாள்.

"சுவர்ல ஒட்டினா சத்தம் தாண்டாதாம். ஆறு போதுமா அய்யா? கடையில இவ்வளவுதான் மிச்சம். உங்க லைன்ல எல்லாரும் கோழி வளர்க்கப் போறீங்களான்னு கடைக்காரர் கேலி பண்றார்."

"பக்கத்து வீட்டுச் சத்தம் தொந்தரவா?"

"இல்லை. என் சத்தம் அங்கே போகக் கூடாது."

குரு அவளை உட்காரச் சொன்னார்.

"மார்புல கட்டி. இருபதாம் தேதி ஆபரேஷன். அவர்கிட்ட இன்னும் சொல்லலை. முப்பது வருஷம் தறிச் சத்தத்துல நின்ன காது. கத்தினாத்தான் கேட்கும். நடுவுல இருக்கிறது நாலரை அங்குலச் சுவர்."

"எழுதிக் காட்டு."

"விரல் வச்சு எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த வார்த்தையை அப்படிப் படிக்கிறதை என்னால பார்க்க முடியாது."

"அந்தப் பக்கம் நின்னு கேட்டுப் பார்த்தியா?"

"இல்லை."

"கேட்டுட்டு வா."

இது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் போனாள்.

வீட்டில் அவள் கணவர் சங்கையா வழக்கம்போல ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ரெஜினா கதவைத் திறந்தாள். உள்ளே நின்று கேட்டபோது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு முனகல்தான் வந்தது.

ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டாரோ என்று திரும்ப ஓடினாள். அது அலறிக்கொண்டுதான் இருந்தது. சங்கையா சிரித்து, பெஞ்சில் அவளுக்கு நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்காராமல் மறுபடி ரெஜினா வீட்டுக்குப் போனாள். அதே முனகல்.

"என்னக்கா, இங்கேயும் அங்கேயும் ஓடுறீங்க?"

"ஒண்ணும் கேட்கலையே ரெஜினா."

ரெஜினா கொடியில் தொங்கிய துணிகளை ஒதுக்கினாள். பின்னால் சுவரில் தரையிலிருந்து கூரைவரை முட்டை அட்டைகள்.

"போன வாரம் தங்கச்சிகிட்ட போன்ல பேசுனீங்கல்லக்கா. கேட்டுருச்சு. அண்ணன்கிட்ட சொல்லும்போது எங்களை நினைச்சுத் தயங்கக் கூடாதுன்னு..." மேலே சொல்லாமல் துணிகளை இழுத்து விட்டாள்.

அடுத்த வியாழன் செண்பகம் அதே ஆறு அட்டைகளோடு வந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அய்யா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் போகச் சொன்னீங்க?"

"ஆறு போதுமான்னு கேட்டியே."

அவள் அட்டைகளை அவரிடம் நீட்டினாள்.

"இது இனி வேண்டாம். ஆனா இன்னும் சொல்லலை. ரெண்டு தடவை அவர் முன்னாடி போய் நின்னேன். காபியான்னு கேட்டார். போட்டுக் கொடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலை."

குரு அட்டைகளை வாங்கி ஓரமாக வைத்தார்.

"கத்த ஆரம்பிச்சா அழுதுடுவேன் அய்யா."

"அழுதா கத்த வேண்டியிருக்காது."