வால் இல்லாத நீலக்கொக்கு

மூன்றாவது மூக்கையும் ஏகாம்பரம் சார் உடைத்துவிட்டார்.

கை தவறி உடையவில்லை. மேசை விளிம்பில் வைத்து, வேண்டுமென்றே ஓர் அழுத்து.

"ஏன் சார்?"

"வளைவு சரியில்ல மாஸ்டர்."

"சரியாத்தான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"அரை மில்லி தூக்கல்."

"மூக்கையே பதினாலு மாசமா செஞ்சுட்டிருக்கீங்க. வால் எங்க? சனிக்கிழமை மாதிரி விமானக் கண்காட்சி. உங்க பேர்ல மேசை போட்டாச்சு. வாலில்லாம வெச்சா, வர்ற வழியில கீழ போட்டுட்டாருன்னு நினைப்பாங்க."

அவர் ஜன்னலுக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். பம்மலில் எங்கள் மாடி அறை எட்டடிக்குப் பத்தடி. அதற்குள் ஓர் ஆள் இவ்வளவு நடக்க முடியும் என்பது அவர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். எனக்குப் பதினேழு. பதினொன்றாவதில் பாதியில் நின்றுவிட்டேன். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கடையில் கிட் வாங்கி ஒட்டாமல், சன்போர்டு அட்டையையும் ப்ளாஸ்டிக் ஷீட்டையும் அறுத்து விமானங்கள் செய்வேன். அதை யாரோ அவருக்கு ஃபோனில் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் வீடு தேடி வந்து, "கத்துக் குடுங்க மாஸ்டர்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை.

அம்மாதான் கூசிப்போனாள். "அவர் வயசென்ன, நீ அவரை அதட்டுறதென்னடி?"

அவருக்கு ஒரே ஒரு விமானம்தான் வேண்டும். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வந்த ஒரு துப்பறியும் படத்தில் வருகிற நீலக்கொக்கு. நிஜத்தில் அப்படி ஒரு விமானமே கிடையாது. படத்துக்காகப் பலகையிலும் தகரத்திலும் அடித்தது. எதற்கு இது என்று கேட்டேன். "முழுசா எப்படி இருக்கும்னு பார்க்கணும்" என்றார்.

வரைபடம் எதுவும் இல்லை. படத்தை நிறுத்தி நிறுத்தி, விமானத்தின் பக்கத்தில் நிற்கும் கதாநாயகனின் உயரத்தை வைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும். முதல் மாதம் அவர் எடுத்த அளவுகள் மொத்தமும் குப்பைக்குப் போயின.

"ஹீரோ கால்ல என்ன சார்?"

"பூட்ஸ்."

"குதிகால் மட்டும் ரெண்டரை இஞ்ச். அதை அவர் உயரத்துல சேர்க்கலைன்னா விமானம் சுருங்கிடும்."

தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் எல்லாவற்றையும் புதிதாக அளந்து வந்தார். எது சொன்னாலும் செய்வார். உப்புத்தாளை வைத்து நாள் முழுக்கத் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பார். வாலைக் கேட்டால் மட்டும் மூக்கை உடைப்பார்.

அவருடைய ஃபைலை இழுத்துப் புரட்டினேன். படத்திலிருந்து எடுத்து அச்சடித்த நானூற்றுப் பன்னிரண்டு காட்சிகள். ஒவ்வொன்றின் கீழும் நேரம் எழுதியிருந்தது. கடைசிக் காட்சி ஒரு மணி பதினெட்டாவது நிமிடம். அதற்குப் பிறகு வெறும் தாள்.

"சார், படம் ரெண்டரை மணி நேரம்."

"ஆமா."

"முதல் பாதி பூரா விமானம் ஷெட்டுக்குள்ளயே நிக்குது. வால் இருட்டுல. அப்புறம்தானே வெளிய வரும்?"

"வரும்போல."

"வரும்போலயா? நீங்க பார்க்கவே இல்லையா?"

"நீங்கதான் பார்த்துட்டீங்களே. ஒரு தாள்ல வரைஞ்சு குடுங்க மாஸ்டர், வெட்டிக்கிறேன்."

"வரையமாட்டேன்."

"ஏன்?"

"அப்புறம் அது நான் பார்த்த விமானம்."

லேப்டாப்பைத் திறந்து, ஒரு மணி பதினாறாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன். சண்டை. யாரோ ஷெட்டின் கதவைச் சாத்துகிறார்கள். திரையில் 'இடைவேளை' என்று எழுத்து.

ஏகாம்பரம் சார் எழுந்துவிட்டார். "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

நிறுத்தினேன். வந்தார். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டேன். சண்டை, கதவு, 'இடைவேளை'.

"ஃபோனை வண்டியிலயே வெச்சுட்டேன்."

மூன்றாவது தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. அறைக் கதவுவரை போய்விட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. கத்திவிட்டேன். "ஒவ்வொரு தடவையும் எங்க சார் ஓடுறீங்க?"

"ஏய் பெனிட்டா! மெதுவாப் பேசு!" கீழேயிருந்து அம்மா.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். முதுகுதான் தெரிந்தது.

"இந்தப் படம்தான் மாஸ்டர். திருவொற்றியூர்ல ஒரு தியேட்டர். எனக்கு ஒம்பது வயசு. அப்பா கூட்டிட்டுப் போனார். இடைவேளை விட்டதும் சோடா வாங்கப் போனார்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?"

"வரலை. வீட்டுக்கும் வரலை. அதுக்கப்புறம் எங்கயுமே வரலை."

மேலே ஏதோ ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் அது போகும்வரை யாரும் பேச முடியாது. போனது.

"போறப்ப உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"'எந்திரிக்காதே. ரெண்டு சீட்டையும் பிடிச்சு வெச்சுக்க. வந்துடறேன்'னார். ஒருத்தர் வந்து கேட்டார், ஆள் வருதுன்னு சொன்னேன். இன்னொருத்தர் கேட்டார். அவர்கிட்டயும் சொன்னேன். அப்புறம் மணி அடிச்சிட்டாங்க. விளக்கை அணைச்சாங்க. பயந்துட்டேன். எந்திரிச்சு வெளிய தேடப் போயிட்டேன்."

திரும்பினார். மூக்கின் வளைவைப் பற்றி எப்படிக் கேட்பாரோ அதே மாதிரி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் வெளிய தேடிட்டிருந்தப்ப அவர் உள்ள வந்திருப்பாரா மாஸ்டர்? பையனைக் காணோமேன்னு நினைச்சிருப்பாரா?"

வந்திருப்பார் என்று சொல்லலாம். வந்திருக்கமாட்டார் என்றும் சொல்லலாம். எது சொன்னாலும் நம்பிவிடுவார். அதுதான் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "விமானம் வெளிய வருது. அதைத்தான் என்னால காட்ட முடியும்."

ஓடவிட்டேன். 'இடைவேளை' என்ற எழுத்து மறைந்தது. திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு ஷெட்டின் கதவு திறந்தது. வெயில் முதலில் மூக்கில் விழுந்தது, அப்புறம் இறக்கையில்.

ஏகாம்பரம் சார் வெளியே போகவில்லை. மேசைவரை வந்து, நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க சார்."

உட்காரவில்லை. வால் வெளியே வருவதை நின்றபடியே பார்த்தார்.